லியாவா, பெங்கா என்று போனில் கேட்டால்

சந்தைத் தெரு
மே 4, 2005

லீஹுவாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால், "நலமில்லை என்றால் மட்டும் தைபேவுக்கு ஓடிவரப் போகிறாயா" என்று எழுதுவாய். போனில் கேட்டால் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கிறவளும் நாலு வரி படித்துவிட்டுத்தான் கிழிப்பாள் என்று நம்பி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். டிசம்பரில் ஊர்த்தலைவர் தேர்தல். நம் கட்சியில் இரண்டு பேர் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். யாரை நிறுத்துவது என்பதைக் கட்சி போனில் கேட்டு முடிவு செய்யப்போகிறது. வருகிற புதன்கிழமையிலிருந்து மூன்று நாள் சாயங்காலம் ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் ஊரில் கைக்கு வந்த வீட்டு எண்களுக்கெல்லாம் அடிப்பார்களாம். எடுத்தவர் சொல்வதுதான் ஓட்டு. யார் வீட்டில் மணி அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சிப்பி வாருகிறவர்கள்கூட அந்த மூன்று நாளும் கடலுக்குப் போகாமல் போனடியில் உட்காரப் போகிறார்கள். வீட்டில் யாரும் போனில் அரட்டை அடிக்கக்கூடாது என்று இப்போதே தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள்.

ஒருத்தி பெங் சியூயே. இன்னொருவன் பேரை எழுதாமல் சுற்றி வளைக்கப் பார்த்தேன், முடியவில்லை. லியாவ் ச்சிங்ஷுன்.

பெங்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் கல்யாணம் நின்றபோது, "பொண்ணுகிட்ட ஏதோ குறை இருக்கு, இல்லாட்டி மாப்பிள்ளை ஏன் ஓடுறான்?" என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்த மாப்பிள்ளையையே எதிர்த்து இப்போது நிற்கிறாள். ஜெயித்தால் சந்தையை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்த கடல் உணவு மாளிகை கட்டுவாளாம். கடைக்காரர்களுக்குக் குலுக்கலில் இடம் கிடைக்கும். பதிவு இருக்கிறவர்களுக்கு மட்டும். என் கஞ்சிக் கடை இன்னும் செத்துப்போன மாமனார் பேரிலேயே இருக்கிறது. எனக்குக் குலுக்கலும் கிடையாது, மாளிகையும் கிடையாது.

லியாவ், சந்தைக் கூரையில் ஒரு ஓடுகூட மாற்றமாட்டேன் என்கிறான். அவன் நல்லவன் என்பதால் இல்லை, கூரையில் பாதி அவன் பெரியப்பாவுடையது.

ஆக, அவன் பேரைச் சொன்னால் கடை பிழைக்கும். ஆனால் நிச்சயதார்த்தக் கேக்கை ஊர் முழுக்கக் கொடுத்த பிறகு உன்னை விட்டுவிட்டு மீனவர் சங்கத் தலைவர் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் பேரை என் வாயால் எப்படிச் சொல்வேன்? அவன் கல்யாண விருந்தில் உட்கார்ந்ததற்கே நீ மூன்று வருடம் என்னோடு பேசவில்லை.

மாட்சு அம்மன் கோயிலில் போய்க் குறி கேட்கும் கட்டை போட்டுப் பார்த்தேன். லியாவா என்று கேட்டுப் போட்டேன். பிறைக்கட்டை இரண்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு விழுந்தன. அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம், ஆமாமும் இல்லை, வேண்டாமும் இல்லை. பெங்கா என்று கேட்டேன். மறுபடியும் சிரிப்பு. பக்கத்தில் நின்ற பூசாரி, "மூணு நாளா எல்லாருக்கும் இதேதாம்மா விழுது" என்றார்.

உன் அத்தான் ஜின்ஃபாவைக் கேட்டால் பயனில்லை. மதியம் பெங்கின் தேர்தல் பந்தலில் கணவாய் சூப் குடிக்கிறார், சாயங்காலம் லியாவின் பந்தலில் சேமியா சாப்பிடுகிறார். எந்தப் பந்தலுக்கு எந்தத் தொப்பி என்று தெரியாமல் நேற்று மாற்றிப் போட்டுக்கொண்டு போய்த் திட்டு வாங்கினார்.

நீ சொல். போன் வந்தால் நான் என்ன சொல்லட்டும்?

யூச்சின்


தைபே
மே 7

அக்கா,

கிழிக்கவில்லை. வேலை செய்கிற கடையில் கண்ணாடி துடைக்கும் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன், முதலாளி எடுத்துக் கொடுத்தார்.

உன் கடிதத்தில் நீ என்னிடம் யோசனை கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் கேட்பது யோசனை இல்லை. "லியாவ் என்றே சொல், அக்கா, உன் கடைதான் முக்கியம்" என்று நான் எழுதித் தரவேண்டும். நாளைக்கு உன் மனசு உறுத்தினால் இந்தக் காகிதத்தை எடுத்துப் படித்துக்கொள்வாய். மாட்டேன்.

"பெங் என்று சொல்" என்றும் எழுதமாட்டேன். அப்படி எழுதி உன் கடை போனால், வாழ்நாளெல்லாம் "நீ சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்று அந்தப் பாவமும் என் தலையில் விழும்.

விருந்துக்குப் போகும்போது என்னைக் கேட்டாயா? அன்றைக்குக் கேட்காமல் போனவள் இன்றைக்கு மட்டும் ஏன் கேட்கிறாய்? அன்றைக்கு எடுத்த மாதிரி இன்றைக்கும் நீயே எடு முடிவை.

இங்கே மழை. நலம்தான். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

லீஹுவா


சந்தைத் தெரு
மே 10

லீஹுவாவுக்கு,

உன் கடிதத்தைக் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. வாடிக்கைக்காரர் ஒருவர் "இன்னிக்கு என்னம்மா, பால்மீன் கஞ்சில புகை வாசனை?" என்றார். "புதுசா போட்டிருக்கோம்" என்றேன்.

உன்மேல் கோபம் வந்தது. நீ சொன்னது சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கொஞ்சம் வந்தது. ஆனால் விருந்துக்குப் போனது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சந்தையில் கடை வைத்திருப்பவள் ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் போய்த்தான் ஆகவேண்டும். உனக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கிறார். எனக்கு ஊர்தான் கொடுக்கிறது.

இதற்கு நடுவில் இன்னொரு குழப்பம். லியாவின் ஆள் ஒருத்தன் கடைக்கு வந்து, போனில் எப்படிப் பதில் சொல்வது என்று பாடம் எடுத்தான். கேள்வி இரண்டாம். "லியாவுக்கும் ஷென்னுக்கும் போட்டின்னா யாரு?" என்பது ஒன்று. "பெங்குக்கும் ஷென்னுக்கும் போட்டின்னா யாரு?" என்பது இன்னொன்று. ஷென்னோடு மோதி யார் அதிகம் வாங்குகிறாரோ அவருக்குத்தான் சீட்டாம்.

அவன் சொன்னான்: "முதல் கேள்விக்கு லியாவ்னு சொல்லணும்க்கா. ரெண்டாவதுக்கு ஷென்னுன்னு சொல்லணும்."

"ஷென் எதிர்க்கட்சிக்காரன்தானேப்பா?"

"ஆமாக்கா. ஆனா ரெண்டாவதுக்குப் பெங்குன்னு சொல்லிட்டீங்கன்னா, லியாவுக்கு ஒண்ணு, பெங்குக்கு ஒண்ணு, ரெண்டும் கழிஞ்சு போச்சு. நீங்க போனை எடுத்ததும் ஒண்ணுதான், எடுக்காததும் ஒண்ணுதான்."

"எங்கப்பாவைப் போலீசுல பிடிச்சுக் குடுத்தவன் அந்த ஷென். அவன் பேரைச் சொல்லவா சொல்றே?"

"சும்மா போனுக்குத்தானேக்கா. டிசம்பர்ல மாத்திப் போட்டுக்கலாம்."

மதியம் பெங்கின் ஆள் வந்து அதே பாடத்தைத் தலைகீழாக நடத்திவிட்டுப் போனான். நம் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊரையே ஷென் பேரைச் சொல்லப் பழக்குகிறார்கள். அப்பா இருந்திருந்தால் இரண்டு பந்தலையும் பிரித்துப் போட்டிருப்பார். எனக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது. லியாவ் என்றாலும் குற்றம், பெங் என்றாலும் நஷ்டம், நடுவில் ஷென் வேறு.

போனை எடுக்காமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஜின்ஃபா எடுத்துவிடுவார். எடுத்தால் அன்றைக்கு எந்தப் பந்தல் சாப்பாடோ அந்தப் பேர்.

கடைசியில் ஒன்று செய்தேன். வீட்டுக்கு வருகிற போனை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடலாம் தெரியுமா? ஊரில் இப்போது அதுதான் பேச்சு. இரண்டு கோஷ்டியும் "உங்க போனை எங்க ஆபீசுக்குத் திருப்பி விடுங்க, நாங்களே பதில் சொல்லிக்கிறோம்" என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். நான் போனில் நட்சத்திரப் பொத்தானை அழுத்தி என்னென்னவோ அழுத்தி, உன் வீட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து என் போன் உன் வீட்டில்தான் அடிக்கும்.

நீ முடிவெடு என்றாய். எடுத்துவிட்டேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான் நான் சொன்னது. லியாவ் என்றால் நான் உனக்குக் கடன்பட்டவள். பெங் என்றால் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். என் கடை உன் கையில் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் உன் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும் என்று தபால்காரர் சத்தியம் செய்கிறார்.

யூச்சின்


தைபே
மே 12

அக்கா,

உன் வீட்டுப் போனெல்லாம் ஏன் எனக்கு வருகிறது என்று கேட்கத்தான் முதலில் போன் செய்தேன். என் போனிலிருந்து உன் எண்ணுக்கு அடித்தால் லைன் எங்கேஜ்டாக இருக்கிற சத்தம் கேட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். நீ யாரோடோ மணிக்கணக்காக வம்பளக்கிறாய் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். நான்தான் என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அது அப்போது தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொடங்கியது. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மணி. ஒருத்தர் "நாளைக்குப் பெரிய பால்மீனா வேணுமா, நடுத்தரமா?" என்றார். தவறான எண் என்று வைத்தேன். அடுத்தது உன் பையனின் வாத்தியார். அவன் வகுப்பில் தூங்குகிறானாம், நீ கவனிக்கவேண்டும். அதற்கடுத்து யாரோ ஒருத்தன் "ஜின்ஃபா, இன்னிக்கு ஆட்டத்துக்கு ஒரு கை குறையுது, வர்றியா?" என்றான். நான் "ஜின்ஃபா செத்துப் போயிட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அத்தானிடம் சொல்லிவிடு, யாராவது மலர்வளையத்தோடு வந்தாலும் வருவார்கள்.

பிறகு டோஃபு விற்கிற சூன்மெய் அத்தை. நான் ஹலோ என்றதுமே ஆரம்பித்துவிட்டாள், உன் குரல் என்றே நினைத்துவிட்டாள். நமக்கு ஒரே குரல் என்று அம்மா சொல்வாளே, நான் நம்பியதில்லை.

"ஏண்டி யூச்சின், நீ செஞ்சது சரியாடி? லியாவ் ஆளு மூலைக் கடையே தர்றேங்கிறான், பதிவுல பேரையும் மாத்தித் தர்றேங்கிறான். போனை அவங்க ஆபீசுக்குத் திருப்பிவிடச் சொன்னா விட்டுட்டுப் போறதுதானே? கரண்டியைத் தூக்கிட்டு அடிக்கப் போயிட்டியாமே?"

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளே மேலே சொன்னாள்.

"அவன் அப்படிச் சொன்னதும் தப்புதான். 'உங்க தங்கச்சி விஷயத்தை எங்க அண்ணன் மன்னிச்சுட்டாரு, நீங்களும் மறந்துடுங்க'ன்னானே. எனக்கே வயிறு எரிஞ்சுது. இவன் மன்னிக்கிறானாம். ஆனாலும் சோறு போடுற கடைடி. மானத்தைப் பானையில போட்டா வேகுமா?"

அப்புறம் "என்னடி மூக்கை உறிஞ்சுறே, சளியா?" என்று கேட்டுவிட்டு இஞ்சி போட்டுக் குடிக்கச் சொன்னாள்.

இதை நீ எனக்கு எழுதவே இல்லை. ஜின்ஃபாவின் தொப்பியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய், இதை எழுதவில்லை. எனக்குக் கோபம் வருகிறதா என்ன வருகிறது என்று எனக்கே தெரியவில்லை, அக்கா. மூன்று வருடமாக நீ அந்த விருந்தில் வாயாரச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாதிரிதான் மனசில் இருந்தாய். இப்போது கரண்டியோடு நிற்கிறாய். எதை எடுத்துவிட்டு எதை வைப்பது?

நேற்றுச் சாயங்காலம் அந்த போன் வந்தது. சின்னப் பெண் குரல். நம்மூர்ப் பேரைச் சொல்லி, "நீங்க அந்த ஊர் வாக்காளர்தானேங்க?" என்றாள். நீ என்ன செய்திருக்கிறாய் என்று அந்த நொடிதான் எனக்குப் புரிந்தது. என் பதிவு இன்னும் அங்கேதானே இருக்கிறது, ஆமாம் என்றேன்.

"லியாவ் ச்சிங்ஷுனும் ஷென்னும் போட்டியிட்டா, நீங்க யாரை ஆதரிப்பீங்க?"

"கேள்வியைத் திரும்பப் படிக்கட்டுமாங்க?" என்றாள். படித்தாள். அவன் பேரை இன்னொரு தடவை கேட்க வேண்டியதாயிற்று.

அக்கா, அவன் என்னைவிட்டுப் போன பிறகு அந்தப் பேரை நான் சத்தமாகச் சொன்னதே இல்லை. திட்டும்போதுகூட "அந்த நாய்" என்றுதான் சொல்வேன். நேற்றுச் சொன்னேன். லியாவ் ச்சிங்ஷுன் என்று முழுப்பேரையும் சொன்னேன், சுருக்கமாகச் சொல்லி அவள் எழுதாமல் விட்டுவிடப் போகிறாளே என்று. சொல்லும்போது உன் பானைதான் கண்ணுக்குள் இருந்தது.

பிறகு, "பெங் சியூயேயும் ஷென்னும் போட்டியிட்டா?" என்றாள். முடிவெடுக்கவில்லை என்றும் சொல்லலாமாம். நான் யோசிக்கக்கூட இல்லை. அப்பாவைப் பிடித்துக் கொடுத்தவன் பேரை நம் வீட்டில் யாராவது சொல்வார்களா? ஷென் வரவே கூடாது என்று, பெங் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். உன் கடையைக் காப்பாற்றிவிட்டேன். எனக்காகச் செய்யவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரியட்டும்.

லீஹுவா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் உன் பத்தாம் தேதிக் கடிதம் வந்தது. அந்தப் பாடத்தைப் படித்தேன். லியாவுக்கு ஒன்று, பெங்குக்கு ஒன்று. எடுத்ததும் எடுக்காததும் ஒன்றுதான். உன் தபால்காரரை என்ன செய்யலாம் என்று சொல். அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து, "நான் மாற்றிச் சொல்லவேண்டும்" என்று கேட்டேன். அப்படிச் செய்ய முடியாதாம். உட்கார்ந்து அழுதேன். அவன் பேரை வீணாகச் சொல்லிவிட்டேன், அக்கா. சொன்னதற்குக் கடையாவது மிஞ்சியிருக்கலாம்.


சந்தைத் தெரு
மே 16

லீஹுவாவுக்கு,

முதலில் சேதி. பெங் ஜெயித்துவிட்டாள். மயிரிழையில்தான், லியாவின் ஆட்கள் இன்னும் நம்பமுடியாமல் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தையில் பாதிப் பேர் உன்னை மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். லியாவ் என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு ஷென் பேரைச் சொல்ல நாக்கு வராமல் பெங் என்றிருக்கிறார்கள். சூன்மெய் அத்தையும்தான். அவள் பாடத்தைக் கையில் எழுதிவைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம், இருந்தும் வாயில் வரவில்லையாம்.

நேற்றுக் காலை பெங் கடைக்கு வந்து கஞ்சி குடித்தாள். கேமராக்காரன் கூடவே வந்தான். "அக்கா, பழகின ருசி, இதையெல்லாம் நாம காப்பாத்தணும்" என்றாள். "எங்கே வெச்சுக் காப்பாத்துவீங்க?" என்று கேட்டேன். சிரித்தாள். படத்தில் நானும் சிரிக்கிற மாதிரி விழுந்திருக்கும், வெயில் கண்ணில் பட்டது.

அவள் டிசம்பரிலும் ஜெயித்தால் புத்தாண்டு கழிந்து சந்தையை இடிப்பார்கள். பிறகு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஜின்ஃபா, வண்டியில் வைத்து விற்கலாம் என்கிறார். அவர் செத்துப்போனவர், அவர் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது? சீட்டாட்டக்காரர்கள் உண்மையிலேயே பூவோடு வந்துவிட்டார்கள், வாசலில் அவரே நின்று வாங்கிக்கொண்டார்.

கடை போய்விடும் என்றால் நான் படுத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். படுக்கவில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மீன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். வாடிக்கைக்காரர்கள் தாங்களே கஞ்சி ஊற்றிக்கொண்டார்கள். முழுப்பேரையும் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டிருக்கக்கூடாது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், என் தங்கை எனக்காகச் சொன்னாள் என்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போல இருக்கிறது. எது பெரியது என்று தெரியவில்லை. இந்த மாதம் முழுக்கவே எனக்கு எதுவும் தெரியவில்லை.

நீ வீணாகச் சொல்லிவிட்டதாக அழுதாய். கம்பெனிக்காரன் கணக்கில் அது கழிந்துபோயிருக்கலாம். என் கணக்கில் கழியவில்லை, லீஹுவா. விழுந்த ஓட்டிலேயே எனக்கு அது ஒன்றுதான் விழுந்தது.

இப்போது டிசம்பர் வேறு இருக்கிறது. பெங்கும் ஷென்னும். கடையை இடிக்கிறவள் ஒரு பக்கம், அப்பாவைப் பிடித்துக் கொடுத்தவன் ஒரு பக்கம். லியாவும் பெங்குமே தேவலை என்று தோன்றிவிட்டது. இதைப் போனில் கேட்கமாட்டார்கள், வரிசையில் நின்று முத்திரை குத்தவேண்டும். திருப்பிவிட முடியாது. உன் ஓட்டும் இங்கேதான் இருக்கிறது.

முந்தின நாளே வந்துவிடு. லியாவ் வீட்டுத் தெரு வழியாகப் போகவேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போகிறேன். அல்லது அவன் வீட்டு வாசல் வழியாகவே போகலாம், நீ சொல்கிறபடி. யாருக்குக் குத்துவது என்று அன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. உனக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது, இரண்டு பேரும் ஒன்றாக நிற்கலாம்.

அக்கா